சாக்குக்குள் விழித்த கம்ப்யூட்டர்

நந்தினி,

இது உன்னுடைய பெயர் இல்லை. "எழுது, யாரு வேணாலும் படிச்சுட்டுப் போகட்டும், பேர மட்டும் மாத்திரும்மா" என்று நீ சொன்னதால் இந்தப் பெயரை வைத்திருக்கிறேன். பதினொரு நாளில் உனக்குக் கல்யாணம். வீட்டில் ஒரு மூலை பாக்கியில்லாமல் பாத்திரமும் துணியுமாகக் கிடக்கிறது. அதற்கு நடுவில், நீ கல்லூரியில் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டின் வெற்றுப் பக்கங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆடி மாதம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. நடந்ததை ஒருதரம் வரிசையாக, ஒன்றையும் ஒளிக்காமல் எழுதிப் பார்த்தால்தான் அந்தத் திடுக்கிடல் என்னை விடும்போலிருக்கிறது. எதையும் எழுதிப் பார்த்தே புரிந்துகொள்கிறவள் நான். பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது நூலக அட்டையை மட்டும் யாரும் பிடுங்கவில்லை; புதிதாக ஒரு சொல்லைக் கண்டால் நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. நாற்பத்தெட்டு வயதிலும் எனக்குள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்குகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று உன் அப்பா கேலி செய்வார். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கையைத் தூக்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

எல்லாரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்த கொரோனா காலத்தில் நீ வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று அந்தப் பெரிய கம்ப்யூட்டரை வாங்கினாய். கேபிள்காரர் வந்து வாசல் நிலைக்கு மேலே இன்டர்நெட்டுக்கென்று லைட்டு மின்னுகிற டப்பா ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பிறகு நீ கம்பெனி கொடுத்த மடிக்கணினியோடு பெங்களூருக்குத் திரும்பினாய். பெரியது உள் அறையில் தங்கிவிட்டது. போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு நாள் முழுக்க அதோடு எதையோ செய்துகொண்டிருந்தாய். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அம்மா, இந்தப் பிளக்க மட்டும் புடுங்கிறாத. வாசல் டப்பாவையும் அணைச்சுறாத. கம்ப்யூட்டரு பாட்டுக்குத் தூங்கட்டும்" என்றாய். தூங்குவது என்றால் என்ன, அணைத்து வைப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்க வாய் எடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டு, தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டினேன். உன் முன்னால் தெரியாதவளாக நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது, நந்தினி. ஊரெல்லாம் கேள்வி கேட்கிறவள், பெற்ற பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்பட்டேன்.

நீ போன மறுநாளே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெருப்புழுதி, இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கிட்டங்கியிலிருந்து உடுப்பில் சுமந்துவரும் காய்த் தூசி. எறும்பு வேறு. விலை கூடிய பொருளை எப்படிக் காப்பாற்றுவது என்று போடியில் காய் பொறுக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வாள். நல்ல பச்சைக் காயை வெளிச்சம் பட விட்டால் வெளுத்துவிடும். காற்றுப் பட விட்டால் ஈரம் ஏறிவிடும். அதனால் கறுப்புப் பாலிதீன் பைக்குள் போட்டு, அதை ஒரு சாக்குக்குள் இறக்கி, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிவிடுவோம். நானும் அப்படியே செய்தேன். ஒரு புதுப் பாலிதீன் பையைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மேலிருந்து கவிழ்த்து, அதன்மேல் சாக்கைக் கவிழ்த்து, அடியில் வயர்கள் வெளியே வரும் இடத்தில் சணலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. நீ சொன்னதைக் கேட்டுவிட்டேன், அதற்கு மேலும் ஒரு காவல் போட்டுவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

ஆடியில் கிட்டங்கிக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அந்த ஒரு வாரம் காயை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பொறுக்கித் தரச் சொன்னார் முதலாளி. எதிர்வீட்டு ஜமீலாக்காவும் தன் சாக்கைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்தால் சோலி வெரசா முடியும். வெளியே சாரல். முன் அறையில் முறத்தில் காயைப் பரப்பி, பெருவெட்டான பெரிய காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். மணி மூன்று இருக்கும். ஜமீலாக்கா கையை நிறுத்தினார்.

"ஏத்தா, உள்ள என்னமோ கொர்ருங்குது."

"மாவு மில்லுச் சத்தம்க்கா."

"மில்லு ஒங்க வீட்டுக்குள்ளயா ஓடுது? நல்லாக் கேளு."

உள் அறைக்குப் போய்ப் பார்த்தோம். ஆள் இல்லை, விளக்கு இல்லை. மூலையில் நான் கட்டிவைத்த சாக்கு லேசாக அதிர்ந்துகொண்டு, தானாக முனகிக்கொண்டிருந்தது.

"பெருச்சாளி" என்றார் ஜமீலாக்கா. "காய் வாசத்துக்கு வந்துருக்கு. உள்ள குட்டி போட்டாலும் போட்டுருக்கும்டி."

"அது காய்ச் சாக்கு இல்லக்கா. புள்ளையோட கம்ப்யூட்டரு."

"அது கம்ப்யூட்டருனு பெருச்சாளிக்குத் தெரியுமா? சாக்கப் பாத்துச்சு, பூந்துருச்சு."

விளக்குமாற்றுக் கட்டையால் அவர் ஒரு அடி வைத்தார். சத்தம் நிற்கவில்லை. இன்னொரு அடி. சத்தம் கூடியது. "அடிக்க அடிக்க உறுமுதுடி!" என்று அவர் பின்னுக்கு வந்து என் முதுகில் இடித்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். ஆனாலும் அது உன் பொருள். போய்ச் சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. சணல் முடிச்சை அவிழ்க்க வராமல் அரிவாள்மனையில் அறுத்தேன். சாக்கையும் பாலிதீனையும் உருவியதும், மலையில் காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே மாதிரி ஒரு அனல். உள்ளே காற்றாடி தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. முகப்பில் நீல விளக்கு எரிந்தது.

"யா அல்லா" என்றார் ஜமீலாக்கா. "தொட ஆளில்லாம எப்பிடித்தா எந்திரிச்சுச்சு?"

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார். போகும்போது முறத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டரை முறையாக அணைப்பது எப்படி என்று நீ ஒருமுறை சொல்லித்தந்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திரையைப் போட்டேன். போட்ட கையை உடனே இழுத்துக்கொண்டேன். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் மவுஸைத் தொடவே இல்லை. அது ஒரு கட்டத்தில் போய் நின்றது. கட்டத்துக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முதலில் வந்தது உன் பெயர். அடுத்தது நீ பிறந்த தேதி. தெய்வமே, யாரோ என் மகளின் விவரங்களையெல்லாம் திருடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த கட்டத்தில், உன் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதும்போது வழக்கமாக நீ விடுகிற அதே ஒரு எழுத்தை விட்டு, திரும்ப வந்து, சேர்த்து எழுதினது அந்தக் கை. அப்போது தெரிந்துவிட்டது. அது நீ.

அப்போதே நான் எழுந்துபோய் உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அல்லது திரையையாவது அணைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. நீ யாருக்கும் தெரியாது என்று நினைத்து எழுதியதை, ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தேன். அது வேலைக்கான மனு என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். கடைசியாகப் பார்த்த வேலை என்ற இடத்தில் உன் பெங்களூர் கம்பெனி. எந்த மாதம் வரை என்ற இடத்தில் மார்ச். நாங்கள் ஆடியில் இருந்தோம். நாலு மாதம். வாராவாரம் என்னிடம் ஆபீஸ் கேண்டீன் சாம்பாரைக் குறை சொன்ன நாலு மாதம். அதற்குக் கீழே, இப்போது இருக்கும் முகவரி. கதவு எண், தெரு, மதுரை. முந்தின நாள்கூட "பெங்களூருல செம மழைம்மா, துணி காயவே மாட்டேங்குது" என்று சொன்ன பிள்ளை, இரண்டரை மணி நேர பஸ் தூரத்தில், மதுரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். முகவரியை என் கை நோட்டில் எழுதிவிட்டது. பழக்கம்.

வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்துக்கு நீ வந்தாய். அங்கே அம்பு நின்றது. ரொம்ப நேரம் ஒரு எழுத்தும் வரவில்லை. அந்த வெற்றுக் கட்டத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விசைப்பலகையை முன்னால் இழுத்து, ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்திலேயே "அம்மா" என்று அடித்தேன். ஏன் அந்தச் சொல், எதற்காக, எனக்கே தெரியாது. திரையில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கடைசி எழுத்து அழிந்தது. அதற்கு முந்தினது அழிந்தது. ஒவ்வொன்றாக நாலு எழுத்தும் போய்விட்டன. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து நீ அழித்தாய் என்று பிறகு சொன்னாய். எனக்கு அப்போது அது தெரியுமா? நான் பார்த்ததெல்லாம், என் மகள் அம்மா என்ற சொல்லைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்ததைத்தான். திரும்பவும் அடித்தேன், அம்மா. இந்தமுறை நீ அழிக்கவில்லை. அம்புக்குறி நடுத்திரையில் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்தது; காற்றாடி அடங்கியது; நீல விளக்கு போனது. நீ அங்கேயிருந்து அதைத் தூங்க வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த உன் அப்பாவிடம் சொன்னேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரைக் கீழே விட்டுக்கொண்டே நின்றார்.

"புள்ள மதுரையிலயா இருக்கு?"

"ஆமாங்க."

"நேத்துக்கூடக் குளிருதுன்னுச்சே." பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "காலைல மொத பஸ்சுக்குப் போ" என்றார்.

"நீங்களும் வாங்க."

"நான் வந்தா அழுதுரும். நீ போனா சண்ட போடும். சண்டையே போடட்டும், அதான் நல்லது."

மதுரையில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்து மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். ஈரத் தலையில் துண்டோடு நீ திறந்தாய். உன்னோடு அங்கே தங்கியிருந்த தோழி வேலைக்குப் போயிருந்தாள். நீ என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தன நாளாப் பாத்துக்கிட்டிருக்க?" என்றாய்.

"நேத்து ஒரு நாளுதான்."

"பொய் சொல்லாதம்மா."

"சாக்குல கட்டி வச்சத எப்பிடிடி பாக்குறது?"

"என்ன சாக்கு?"

சொன்னேன். பாலிதீன், சாக்கு, சணல், நாலு சுற்று. உன் வாய் திறந்தபடி நின்றது. "பொங்கல்ல இருந்தா?" என்றாய். "அம்மா, அரை மணி நேரத்துல தானா அணைஞ்சு போகும். சூடு தாங்காம அணைஞ்சுருக்கு! நான் போடியில கரண்டு போயிருச்சுனு நெனச்சு நெனச்சு... மூணு கம்பெனிக்குப் பாதி எழுதுனது அப்பிடியே போச்சும்மா. மூணு!" நீ நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், அல்லது அழுதாய், எனக்கு அது எதுவென்று சொல்லத் தெரியவில்லை. என் பெருமையான காவல் உன் மூன்று மனுவின் கழுத்தை நெரித்திருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்த வாசற்படியில்தான். உன்னை ஒன்றும் கேட்காமல் உன் நல்லதுக்கு என்று நான் செய்த ஒரு காரியம். புகுந்த வீட்டுக்குப் போகிறவளே, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். பாசத்தில் ஒன்றைப் போர்த்துவதற்கு முன்னால், உள்ளே இருப்பதற்கு மூச்சு விட இடம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

பிறகு நீ டீ போட்டாய். மார்ச்சில் ஒரே நாளில் உன் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள் என்றும், மடிக்கணினியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னாய். சான்றிதழ், பழைய வேலைகள் எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருந்தன. உன் கையில் போன் மட்டும்தான். நான் கிட்டங்கியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பொங்கலில் நீ அமைத்துவைத்த வழியில் மதுரையிலிருந்து அதை எழுப்பி, அதன் திரையைப் போனிலேயே பார்த்து வேலை செய்திருக்கிறாய். கிட்டங்கிக்குத் தகரம் போடுவது உனக்குத் தெரியாது. எப்படி எழுப்புவாய் என்று கேட்டேன். அவ்வளவு துக்கத்திலும் எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்ததும், "இப்பயுமா நோட்டு?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் சொன்னாய். தூங்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் அடங்கிவிட்டாலும் காது மாதிரி ஒரு பாகம் மட்டும் விழித்திருக்குமாம். நீ போனிலிருந்து சொன்னதும் வாசல் டப்பா வீட்டுக்குள் ஒரு கூப்பாடு போடுமாம். அந்தக் கூப்பாட்டில் இருப்பது கம்ப்யூட்டருக்கென்றே உள்ள ஒரு எண், அடுத்தடுத்துப் பதினாறு தடவை. வீட்டில் இணைந்திருக்கும் மற்ற எதற்கும் அது கேட்டாலும், தன் எண் இல்லையென்று சும்மா இருந்துவிடும். அந்த எண்ணுக்கு உரியது மட்டும் எழுந்திருக்கும்.

"கேட்டுச்சா இல்லையானு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதும்மா. அதுகிட்ட இருந்து பதிலே வராது. எந்திரிச்சா உண்டு."

டீ ஆறுவதற்குள் நான் அடுத்த தவறுக்குத் தயாராகிவிட்டேன். பக்கத்து ஊரான தேவாரத்தில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் வீட்டாரை நினைத்துக்கொண்டேன். பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லிப் பேசி முடித்த சம்பந்தம். குரலைத் தாழ்த்தி, "இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். கல்யாணம் முடியட்டும். லீவு போட்டுருக்கானு சொல்லிக்கிருவோம்" என்றேன். யாரும் சொல்லித்தராமல், ஒரு நொடிகூட யோசிக்காமல், தானாக வந்தது அந்தப் பொய்.

நீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பவில்லை. "அவருக்குத் தெரியும்மா. வேலை போன அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன்."

"அன்னைக்கேவா?"

"அவங்க அம்மாவுக்கும் தெரியும். 'போனாப் போகுது, வேற பாத்துக்கிருவோம், நீ சாப்பிடாமக் கெடக்காத'னாங்க."

சாக்கு முனகியபோதும் நான் அவ்வளவு பயப்படவில்லை. எழுத்துகள் அழிந்தபோதும் அப்படி வலிக்கவில்லை. அப்போது நிச்சயம் முடிந்து ஒரு மாதமே ஆன ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாய். நீ நாலு தடவைகூடப் பார்த்திராத ஒரு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மா வாராவாரம் என்னிடம் ஜாக்கெட் துணியைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஒரு சொல் விடாமல். உலகத்தில் தெரியாமல் இருந்தவர்கள் நானும், என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாத உன் அப்பாவும்தான்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றேன்.

"ஒன்கிட்ட சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்றாய். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை உன் குரலில். இன்றைக்கு வெயில் என்று சொல்வது மாதிரிச் சொன்னாய்.

அன்று நீ என்னோடு வரவில்லை. திரும்பும் பஸ்சில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆண்டிபட்டி தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் எனக்கு உன் ஒன்பது வயது ஞாபகம் வந்தது. பள்ளி விடுமுறைக்குக் குரங்கணிக்கு மேலே, அப்பா குத்தகைக்குப் பிடித்திருந்த தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போயிருந்தோம். ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருந்தது. சூடு காட்டும் கண்ணாடிக் குழாயில் ஒரு கோட்டைக் காட்டி, "அதத் தாண்டுச்சுனா ஓடிவந்து சொல்லு" என்று உன்னை உட்கார வைத்துவிட்டு நான் விறகு எடுக்கப் போனேன். கதகதப்பான சுவரில் சாய்ந்து நீ தூங்கிவிட்டாய். சூடு கோட்டைத் தாண்டி, மேல் தட்டுக் காயெல்லாம் நிறம் போய், வாய் பிளந்துவிட்டது. யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகவே சரிவில் விழுந்தடித்து ஓடிவந்து, "அம்மா, நான் தூங்கிட்டேன், காய் போச்சு" என்றாய். நான் உன்னை அறைந்தேன். தூங்கியதற்கு அறைந்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உனக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? சொன்னதற்கு அறை விழுந்தது. சொல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அந்த அறை தள்ளியாவது போயிருக்கும்.

ஒருமுறையோடு போனதா? பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நீ மார்க்கைச் சொன்னதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நாற்பது மார்க் கூட்டிச் சொன்னேன். ஜமீலாக்கா உன் கன்னத்தைப் பிடித்து அந்தக் கூட்டின மார்க்குக்கு வாழ்த்துச் சொன்னபோது, நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பார்த்தும் பார்க்காத மாதிரிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். பிறகு பதினொரு நாள் உன்னோடு பேசவில்லை. "அவளச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அப்பா வழியாகச் சோறு போட்டேன். நான் படிக்க முடியாமல் போன படிப்பையெல்லாம் நீ படிக்க வேண்டும் என்ற ஆசை அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தது வேறு. கெட்ட செய்தியோடு இந்த வாசலுக்கு வரக்கூடாது என்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ நல்ல மாணவி. கற்றுக்கொண்டுவிட்டாய்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்தேன். தவறு செய்து பார்த்தவள் என்ற தகுதி மட்டும்தான். அதை வைத்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் நீ அன்றைக்கே சொன்னாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. அவர் ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து தலையைத் தொங்கப் போட்டு நின்றால், என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைக் கட்டு. அவருடைய போனையோ பெட்டியையோ அவருக்குத் தெரியாமல் திறந்து பார்க்கிற நிலை வந்தால், அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்த உன் அம்மாவை நினைத்துக்கொள். வாசித்ததில் பாதியைத்தான் புரிந்துகொண்டேன், முழுசையும் தப்பாக நினைத்தேன். உனக்கொரு பிள்ளை பிறந்து, அது ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்து, நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை நில். கெட்டுப்போனதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சொல்ல வந்த பிள்ளை ஒருதரம் திரும்பிப் போய்விட்டால், நாலு மாதம் மதுரையில் இருந்துகொண்டு பெங்களூர் மழையைப் பற்றிப் பேசும்.

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். நாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். ஆனாலும் நீ என்னிடம் சொல்வதெல்லாம் நல்லதாகவே இருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது. மன்னித்துவிட்டாயா என்று கேட்கவும் பயம். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. நான் அடுப்படியில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லி உன் அப்பா பக்கத்தில் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றாய். குரல் கரகரப்பாக இருந்தது. "அந்தக் கோயம்புத்தூரு வேலை இருக்குல்ல, மூணு ரவுண்டு இன்டர்வியூ போனேன்ல. இல்லனு மெயில் வந்துருச்சும்மா."

இந்த வேலை கிடைத்துவிடும் என்று ஜமீலாக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதே என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"ரொம்பக் கஷ்டமா இருக்காத்தா?" என்றேன்.

"இருக்கும்மா."

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பத்தான் வந்துச்சு. மொத ஒனக்குத்தான் போட்டேன்."

நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் என் பேச்சைக் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. உன் அப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"என்னா புள்ள? வேல கெடச்சுருச்சா?"

"இல்லைங்க" என்றேன், சிரிப்பு அடங்காமல். "கெடைக்கலையாம்!"